கேக் பெட்டி அம்மன்

நான் முன்பள்ளி ஆசிரியை ஆனதற்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமென்றால் கடலுக்குத்தான் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராது, ஆனால் உண்மை அதுதான். சுனாமிக்கு முன் எங்கள் ஊரில், கல்லடிக்குத் தெற்கே வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்துண்டில், நேசரி என்று நாங்கள் சொல்லும் முன்பள்ளி என்றால் கோயில் மடத்தில் விரித்த ஒரு பாயும் சுவரில் சாத்திய ஒரு பிரம்பும்தான். நான் அந்தப் பக்கம் போனதேயில்லை. தையல் பழகிக்கொண்டிருந்தேன். அலை வந்து போன பிறகு தையல் மெசினும் இல்லை, மடமும் இல்லை. அவற்றுக்குப் பதிலாகப் பயிற்சிப் பட்டறைகள் வந்தன.

ஐயோ, அந்தப் பட்டறைகள்! ஒரு நிறுவனம் போக மற்றது வரும். சாதாரண தரப் பரீட்சை சித்தியடைந்த, கல்யாணம் முடிக்காத பெண் என்று ஊரில் எவள் இருந்தாலும் பிடித்துக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தி, நெஞ்சில் பெயர் அட்டை ஒன்றைக் குத்திவிடுவார்கள். காலையில் ரோல்ஸ், மத்தியானம் பொரித்த கோழியோடு சோறு. கூடாரத்தில் ஒரே பருப்பும் சோறும் தின்றுகொண்டிருந்த காலம் அது. நான் கோழிக்காகத்தான் போனேன் என்று என் தங்கை இன்றைக்கும் சொல்வாள். அவள் சொல்வதில் பிழையில்லை. முதல் மூன்று நாளும் கோழிக்காகத்தான் போனேன்.

நாலாம் நாள் ஒரு வெள்ளைக்காரி அம்மா வந்தார். தலை முழுக்க நரை, காலில் ரப்பர் செருப்பு. 'முன்பிள்ளைப்பருவக் கல்வியின் அடிப்படைகள்' என்று பலகையில் எழுதிவிட்டு நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். அவர் பேசப்பேசத் தமிழில் சொல்ல ஒரு தம்பி நின்றார். யாழ்ப்பாணத்து ஆள். அவர் தமிழும் எங்களுக்குப் பாதி வெளிநாடுதான். பிள்ளை வெறும் பானை இல்லை, நீங்கள் ஊற்றி நிரப்ப வேண்டியதில்லை என்றார் அந்த அம்மா. பிள்ளைக்கு விளையாட்டுத்தான் வேலை, ஆசிரியை சாமானை ஆயத்தப்படுத்திக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும், கூப்பிடாமல் உள்ளே போய்க் கையை வைக்கக் கூடாது என்றார். எனக்குப் படிப்பித்தவர்கள் எல்லாரும் கையைத்தான் வைத்தார்கள், அதுவும் முதுகில். அதனாலோ என்னவோ அந்த அம்மா சொன்னதை நான் வெறி பிடித்தவள் மாதிரி நம்பினேன். அதற்குப் பிறகு வந்த டிப்ளோமா வகுப்பு எதையும் தவறவிடவில்லை.

ஊர் நம்பவில்லை. புதுக் கட்டடத்தில் நேசரி தொடங்கின முதல் வாரமே தாய்மார் வாசலில் வந்து நின்றார்கள்.

"டீச்சர், வெளாட எங்கட வளவுக்குள்ள மண் இல்லாமலா இஞ்ச அனுப்புறம்? ஏபிசிடி எப்ப தொடங்குவீங்க?"

"மூண்டு வயசுப் பிள்ளைக்கு விரல் எலும்பு இன்னும் முத்தல்ல. இப்ப பென்சில் பிடிக்க வைக்கக் கூடா" என்றேன், படித்ததைப் பிசகாமல்.

"அந்த நேசரியில டை கட்டி, சப்பாத்துப் போட்டு, இங்கிலீசுல பாட்டுப் படிக்குதுகள். அதுகளுக்கு எலும்பு முத்திட்டுதோ?"

அந்த நேசரி என்றது பிரதான வீதியில் ஒருவர் காசுக்கு நடத்தியது. எங்களுடையது இலவசம். அதனால்தான் பிள்ளைகள் மிஞ்சினார்கள். கொள்கைக்காக ஒரு பிள்ளையாவது வந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

கட்டடம் மட்டும் ஆளை அசத்தும். முழங்கால் உயரத்தில் கைகழுவும் தொட்டிகள், பொம்மை வீட்டுக்குச் செய்தது போல் மலசலகூடம், சுவர் முழுக்க எங்கள் வாவியில் ஒருநாளும் காணாத நிறங்களில் மீன்கள். கடலைப் பார்த்த பக்கம் யன்னல் வைக்கவில்லை. அதை யார் யோசித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஒரு மூலையில் 'வீட்டு மூலை'. பிள்ளைகள் அம்மா அப்பாவாக விளையாடுவதற்கு என்று கப்பலில் வந்த பிளாஸ்டிக் சமையல் குசினி ஒன்று அங்கே இருந்தது. அதில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி. கதவைத் திறந்தால் உள்ளே சின்ன விளக்கு எரியும். கேக் சுடுகிற பெட்டி என்று எனக்குத் தெரியும், பட்டறையில் படம் காட்டியிருந்தார்கள். தாய்மார் டீவி என்றார்கள். பிள்ளைகள் முதல் வருடம் அதற்குள் ஒரு தவளையை வளர்த்தார்கள்.

அவள் வந்தது மூன்றாவது வருடம் தை மாதம். படுவான்கரையில் இருந்து, அதாவது வாவிக்கு அந்தப் பக்கத்து வயல் ஊர்களில் இருந்து, சண்டைக்குள் இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஊரில் ஒட்டிக்கொண்ட குடும்பம். தாய் நெல் அவிக்கிற இடத்தில் கூலிக்கு நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள்தான் இருப்பாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பிள்ளைக்கு நாலரை வயது, தாயின் சட்டையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இவள் கதைக்கமாட்டாள் டீச்சர். ஊமையில்ல. முந்திக் கிளிப்புள்ள மாதிரிக் கதைச்சவள். நாங்க வரக்குள்ள வழியில ஆக்கள மறிச்சு ஆம்புளையள வேறாக்கினவங்க. இவள் தகப்பன்ட தோள்ல இருந்தவள். இறக்கி என்ட கையில தந்திட்டு, 'விசாரிச்சிட்டு விடுவாங்களாம், நடங்க, வாறன்' எண்டவர். அண்டையில இருந்து வாயத் திறக்கல்ல. வீட்டிலயும் இல்ல, வெளியிலயும் இல்ல."

எந்தச் சீருடைக்காரர் மறித்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த மரியாதை அவ்வளவுதான்.

"அடுத்த தைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போகோணும். அதிபரிட்டக் கேட்டுப் பாத்தன். பேர் கேட்டாப் பேர் சொல்லத் தெரியாத பிள்ளைய எடுக்க ஏலாது, டவுணில அப்படியான பிள்ளையளுக்கு வேறயா இடம் இரிக்கி எண்டுட்டார். இந்த வருசத்துக்குள்ள கதைக்க வைச்சுத் தாங்க டீச்சர். உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"வைப்பம், வைப்பம்" என்றேன். மெத்தப் படித்த வாய் அது. டிப்ளோமாவுக்கு ஒரு பிள்ளையை வருடம் முழுக்க அவதானித்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் அவளையே தெரிந்தெடுத்தேன்.

படித்த வித்தை எல்லாவற்றையும் காட்டினேன். கைப்பொம்மை பேசிப் பார்த்தது. பாட்டில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருந்தேன், மற்றப் பிள்ளைகள் முந்திக்கொண்டு கத்தினார்கள். கண்ணாடிக்கு முன் இருத்தி உதட்டைக் குவித்துக் காட்டினேன், அவள் என் உதட்டை ஒரு பரிதாபத்தோடு பார்த்தாள். எல்லாம் விளங்கும். சொன்னதைச் செய்வாள், தன் பாயைத் தானே சுருட்டுவாள். பேச மட்டும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். சித்திரை வரைக்கும் நான் எழுதியது முழுக்க 'இன்றும் பேசவில்லை' என்பதைப் பல விதமாக எழுதியதுதான்.

அந்த வருடம் வைகாசியில் சண்டை முடிந்தது. வானொலி சொன்னது, சந்தியில் வெடி கொளுத்தினார்கள், வாசலில் கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினோம். அந்த வாரம் ஊரில் யாரும் யாருடைய முகத்தையும் நேரே பார்க்கவில்லை. பிறகு, மகனோ புருசனோ பிடிபட்டுத் திரும்பி வராத ஒவ்வொரு தாயாகப் பேசத் தொடங்கினார்கள். "சண்டைதான் முடிஞ்சுதே, இனி வைச்சிருந்து என்ன செய்ய? உட்டுருவாங்கதானே?" என்று தண்ணீர்க் குழாயடியில், கடையில், என் நேசரி வாசலில். கேள்வி மாதிரித்தான் கேட்பார்கள், பதிலை மட்டும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பிள்ளையை உள்ளே எடுப்பேன்.

அதை ஒட்டியே கண்ணகி அம்மன் சடங்கும் வந்தது. எங்கள் பக்கம் அம்மன் கோயில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். வைகாசியில் கதவு திறந்து, சடங்கு செய்து, கடைசியில் அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடித் திரும்பப் பூட்டிவிடுவார்கள். அந்த நாட்களில் பறை முழங்கும்போது சிலர்மேல் தெய்வம் ஏறும். ஏறினவர் வேப்பிலையோடு நின்று, கேட்கிறவர்களுக்கு நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்வார். கட்டுச் சொல்லுதல் என்போம். அந்த வருடம் கட்டுக் கேட்க நின்ற கூட்டம் கோயில் வீதியைத் தாண்டிப் போனது. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

சடங்கு முடிந்து நேசரி திறந்த அன்று, வீட்டு மூலையில் வழக்கத்துக்கு மாறான சத்தம். போய்ப் பார்த்தால் கேக் பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. செவ்வரத்தம் பூ, யாருடையதோ தலை ரிபனில் கோர்த்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கரண்டி நிமிர்ந்து நின்றது. முட்டைக் கடைக்காரரின் மகன் துவாயை இடுப்பில் கட்டிப் பூசாரியார் ஆகியிருந்தான். இரண்டு பேர் பால்மா டின்னைத் தட்ட, அவன் கேக் பெட்டியின் கதவை மெல்லத் திறக்க, விளக்கு எரிய, முழு வகுப்பும் "அரோகரா" என்றது. யோசித்துப் பார்த்தால் அந்தப் பெட்டியைச் செய்த கம்பனிக்காரனுக்கே தெரியாத சரியான பாவனை அதுதான். எங்கள் ஊரில் கேக்கை யார் சுட்டார்கள்?

இனித் தெய்வம் ஏற ஓர் ஆள் வேண்டும். ஒருத்தி ஏறினாள், சிரித்துவிட்டாள். மற்றவளும் சிரித்துவிட்டாள். பூசாரியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சிரிக்கிற ஆக்களுக்குச் சாமி வராது! சிரிக்காத ஆள் வேணும்!"

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். வகுப்பில் சிரிக்காத ஆள் அவள் ஒருத்திதானே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தி, வேப்பங்கொத்தைக் கொடுத்தார்கள். டின் முழங்கியது. அவள் கொத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள், தோளை ஆட்டினாள், பெரியவர்கள் ஆடுவது போலவே பாதத்தால் நிலத்தை அடித்தாள்.

"ஆருடா என்னக் கூப்பிட்ட?"

கரகரத்த, துருப்பிடித்த குரல். பாவனையில்லாமல் கிடந்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி. நான் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போய் அவளை அள்ளித் தூக்கி ஊர் முழுக்கக் காட்ட வேண்டும் போலிருந்தது. கூப்பிடாமல் உள்ளே போகக் கூடாது என்ற பாடம் வந்து மறித்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் ஆயுளில் அவ்வளவு பாடுபட்டுச் சும்மா நின்றதில்லை.

"தாயே, என்ட செருப்பக் காணல்ல" என்றான் பூசாரியார், மண்டியிட்டு.

"நாய் கொண்டு போயிட்டு."

செருப்பு அடுத்த வளவு நாயிடம் இருந்தது. எங்கள் ஊரில் காணாமல் போகும் எந்தச் செருப்பும் நாயிடம்தான் இருக்கும், அதற்கு அம்மன் இறங்கி வரத் தேவையில்லை. ஆனால் முட்டைக் கடைக்குச் செய்தி அன்றே போய்விட்டது. முட்டைக் கடைக்குப் போன செய்தி பிறகு ஊருக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை.

அடுத்த நாள் முட்டைக் கடைக்காரி வந்தாள், பிள்ளையைக் கூட்டிப் போக என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். "அம்மாளே, என்ட செவலக் கோழி எங்ககா போய்ப் படுக்குது?" "வேலிக்க" என்றது அம்மன். கோழி வேலிக்குள்தான் படுத்தது. வேறெங்கே படுக்கும்? நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கென்ன, பிள்ளை பேசுகிறாள்! எழுத எனக்குப் பக்கம் போதவில்லை.

அதற்கு அடுத்த வாரம், வாவியில் இறால் பிடிக்கிற குடும்பத்து அம்மா ஒருவர் வந்தார். அவருக்கு எங்கள் நேசரியில் பிள்ளையும் இல்லை, பேரப்பிள்ளையும் இல்லை. மகன் ஒருவன் இருந்தான், சண்டைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. நான் மற்றப் பக்கத்தில் சின்னதுகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது அந்த அம்மா கேக் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார், மடியில் வெற்றிலை.

"என்ட மகன் இரிக்கானா தாயே?"

"இரிக்கான்" என்றாள் அவள், தலையை ஆட்டியபடி. "சோறு தின்னிறான்."

"என்ன கறியோட மனே?"

"பருப்பு."

"ஓ, அவனுக்குப் பருப்பெண்டா உசிர்!" அந்த அம்மா அழுதார், சிரித்தார், பிளாஸ்டிக் கரண்டியைக் கும்பிட்டார். எந்தப் பிள்ளைக்குத்தான் பருப்புப் பிடிக்காது? என் வாய்வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

பிறகென்ன. காலையில் பிள்ளைகளைவிட முந்தி வெற்றிலைத் தட்டுகள் வந்தன. ஆரையம்பதியில் இருந்து ஆட்டோ பிடித்துக்கூட வந்தார்கள். பிள்ளைகள் மத்தியானம் வரை விளையாடினார்கள், தாய்மார் வரிசையில் நின்றார்கள். அம்மன் எல்லாருக்கும் நல்லதே சொன்னாள். ஒருவன் பந்து விளையாடினான், ஒருவன் குளித்துக்கொண்டிருந்தான், ஒருவனுக்குக் காய்ச்சல், ஆனால் மருந்து குடித்துவிட்டான். ஐந்து வயதுக்குத் தெரிந்த உலகத்தில் எல்லாரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேற்பார்வைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தார். பெற்றோர் பங்களிப்பு என்ற இடத்தில் ஒவ்வொரு வருடமும் எனக்குக் 'குறைவு' என்று போடுகிறவர். வாசல் நிறையத் தாய்மாரைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டார். "நல்லாச் செய்திருக்கிறீங்க மிஸ். மற்ற நேசரிகளுக்கும் இதைச் சொல்லோணும்" என்றார். என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

டிப்ளோமாவின் மாத வகுப்பில் அந்த வெள்ளைக்கார அம்மாவிடமே கேட்டேன். பேசாத பிள்ளை பாவனை விளையாட்டில் மட்டும் பேசுகிறாள், பெரியவர்களும் வந்து சேர்ந்து விளையாடுகிறார்கள், என்ன செய்யட்டும் என்று. அம்மன், கட்டு என்பதெல்லாம் மொழிபெயர்ப்புத் தம்பியின் வாயில் எப்படிப் போனதோ, அந்த அம்மாவின் முகம் பூவாக மலர்ந்தது. பெரியவர்கள் பிள்ளையின் விளையாட்டுக்குள் வருவது அருமையான விஷயம், உடுப்புகள், சாமான்கள் இன்னும் கூடக் கொடுங்கள் என்றார். சரிதான் போங்கள் என்று வந்துவிட்டேன்.

பயம் எனக்குள் அப்போதுதான் வந்தது. அவள் அம்மனாகத்தான் பேசினாள். வேப்பங்கொத்தைக் கீழே வைத்தால் பழையபடி கல்லு. வீட்டில் தாயிடம் ஒரு சொல் இல்லை. "தாயே, உங்கட பேர் என்ன?" என்று நானும் ஒருநாள் பக்தையாகிக் கேட்டுப் பார்த்தேன். "அம்மன்" என்றாள், இது தெரியாதா என்பது போல். தை மாதம் அதிபருக்கு முன்னால் போய் இதையா சொல்வாள்? கேக் பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்த வாரம் முழுக்க அவள் சுவரோரம் இருந்து மீன்களைப் பார்த்தாள், வாயே திறக்கவில்லை. மண்ணாங்கட்டி என்று சொல்லிக்கொண்டு பெட்டியை எடுத்துத் திரும்ப வைத்தேன்.

தாய் ஒருநாளும் வரிசையில் நிற்கவில்லை. நெல் அவிக்கிற இடத்தில் இருந்து பத்து மணிக்குத் தேநீருக்கு விட்டால், தேநீரைக் குடிக்காமல் ஓடி வருவாள். வெளிச்சுவரோடு ஒட்டி நின்று, மகளின் குரலைக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

"நீங்க உள்ளுக்க வந்து கேளுங்களன்" என்றேன் ஒருநாள்.

"கேட்டா நிப்பாட்டிருவாளோ எண்டு பயமா இரிக்கி டீச்சர். குரலக் கேட்டாப் போதும்."

ஆனால் ஊர் விடுமா? "ஊரான்ட பிள்ளையளுக்கெல்லாம் உன்ட மகள் கட்டுச் சொல்றாள். உன்ட புருசன நீ கேக்காம நிக்காய். என்ன பொம்புளைகா நீ?" என்று நெல் அவிக்கிற இடத்தில் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். ஐப்பசியில் ஒருநாள் காலையில் அவள் தலைக்குக் குளித்து, பொட்டைப் புதிதாக வைத்து, வெற்றிலைத் தட்டோடு வந்தாள். மற்றத் தாய்மார் வழிவிட்டார்கள்.

நான் மறித்திருக்கலாம். வாசல் என்னுடையது. இன்றைக்கு விளையாட்டு முடிந்தது, சாப்பாட்டு நேரம் என்று ஒரு சொல் போதும். மறிக்கவில்லை. என்ன சொல்வாள் என்று அறிய எனக்கும் ஆசையாக இருந்தது. அடிப்படைகள், வளர்ச்சிப் படிகள் எல்லாம் கரைத்துக் குடித்த எனக்கு!

டின் முழங்கியது. பூசாரியார் கதவைத் திறந்தான். அவள் ஆடி வந்து நின்றாள். தாய் முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் தட்டை நீட்டினாள்.

"தாயே, இந்தப் பிள்ளைட அப்பா எங்க? வருவாரா?"

டின் அடித்தவர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அவள் ஆடுவதை விட்டாள். வேப்பங்கொத்தைக் கேக் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, தாயை நன்றாகப் பார்த்தாள்.

"அம்மா, இது வெளாட்டு" என்றாள். கரகரப்பு இல்லை. எந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இருக்கிற சாதாரணக் குரல். "நான் வெளாட்டுக்குத்தான் சொல்ற. எனக்குத் தெரியாதும்மா."

தாய் முதலில் என்னைத்தான் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "டீச்சர், அம்மா எண்டுட்டாள்! கேட்டயளா, அம்மா எண்டுட்டாள்! இனிப் பள்ளிக்கூடத்தில எடுப்பாங்க என்ன?"

"ஓம்" என்றேன். "கட்டாயம் எடுப்பாங்க."

சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே மகள் சொன்ன மிச்சமும் அவளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த சின்னக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, சாவீட்டில் அழுவது போலக் குரலெடுத்து அழுதாள். அத்தனை காலமும் அவள் அப்படி அழுததில்லை. அழுதால் அவன் செத்துவிட்டான் என்று தானே முடிவு கட்டியது போலாகிவிடும் என்று அடக்கி வைத்திருந்தாள். வரிசையில் நின்ற தாய்மார் தட்டுகளை மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நானும் அழுதேன். அவதானிக்க யாரும் மிஞ்சவில்லை.

மகள் தாய்க்குக் கிட்டப் போனாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள். தன் சட்டை ஓரத்தால் தாயின் கண்ணைத் துடைத்தாள்.

"அழக்கூடா. நல்ல பிள்ளை அழாது" என்றாள். "அப்பா இப்ப வந்திருவார், என்ன? இப்ப வந்திருவார்."

அது என் பேச்சு. இழுவை, முதுகைத் தட்டுவது, 'என்ன?' என்ற முடிவு, எல்லாம் நான். தை மாதம் வாசலைப் பிடித்துக்கொண்டு அழுகிற ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் துடைத்து, அம்மா இப்ப வந்திருவா, என்ன, இப்ப வந்திருவா என்று நான் சொல்வது. அதை நான் மத்தியானம் கட்டாயம் வருகிற அம்மாக்களைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன்.